சட்டைப்பையில் ஒற்றைத் தோட்டா

கேள்வி: அண்ணா, அமெரிக்காவில் வசிக்கிறேன். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல முறையான உரிமம் வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக வலது இடுப்பில் கிளாக் 19 பிஸ்டல். போன மாதம் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அது ஒருமுறை சிக்கிக்கொண்டது. அதிலிருந்து, துணைக்கு இன்னொன்று வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. மடக்கினால் கிரெடிட் கார்டு அளவே இருக்கும் லைஃப்கார்டு என்ற .22 (அங்குலக் கணக்கில் குண்டின் தடிமன்) ஒற்றைத் தோட்டா பிஸ்டலைக் கடையில் எடுத்துப் பார்த்தேன். சட்டைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாமா? மனைவி வேண்டாம் என்கிறாள். வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான்.

பதில்: தம்பி, அந்த வேலைக்கு அது வேண்டாம். உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. பையனை நினைத்து அவர் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன், அதற்குக் கடைசியில் வருகிறேன். கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பதே என் தொழில் என்பதால், எனக்குத் தெரிந்த மற்ற காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிஸ்டல் மோசமான பொருள் இல்லை. மடித்த நிலையில் 3.375 அங்குல நீளம், 2.125 அங்குல அகலம், அதாவது அச்சு அசல் கிரெடிட் கார்டின் அளவு. தடிமன் அரை அங்குலம். எடை 7 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 200 கிராம். மடித்திருக்கும்போது ட்ரிக்கர் உள்ளே மறைந்துவிடும், சுட முடியாது. கைப்பிடிக்குள்ளேயே நான்கு உதிரித் தோட்டா வைக்க இடம் இருக்கிறது. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். கையில் எடுத்ததும் உங்களுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் கடையில் எப்படி எடுத்துப் பார்த்தீர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நின்றுகொண்டிருந்தீர்கள். நல்ல வெளிச்சம். இரண்டு கைகளும் சும்மா இருந்தன. யாரும் உங்களை அவசரப்படுத்தவில்லை. துணைத் துப்பாக்கியை வெளியே எடுக்க வேண்டிய நேரத்தில் இதில் ஒன்றுகூட இருக்காது. இடுப்பில் இருக்கும் கிளாக் சிக்கியிருக்கும், இல்லை கையை விட்டுப் போயிருக்கும், இல்லை எதிராளி அதை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். வலது கை அடிபட்டிருக்கலாம். நீங்கள் தரையில் கிடக்கலாம். நிலைமை ஏற்கெனவே கைமீறிப் போன பிறகுதான் இரண்டாவது துப்பாக்கிக்கு வேலையே வருகிறது. அதனால் முதல் துப்பாக்கியைவிட எளிதாக இயங்கக்கூடியதுதான் துணையாக இருக்கத் தகுதியானது. எவ்வளவு சின்னது என்பதை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் உதாரணம், 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த சண்டை. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் இரண்டு வங்கிக் கொள்ளையர்களைக் காரில் துரத்தி மடக்கினார்கள். ஜான் ஹான்லன் என்ற அதிகாரியின் .357 ரிவால்வர், கார்கள் மோதியபோதே கையை விட்டுப் போய்விட்டது. ஒரு குண்டுகூடச் சுடாமலே முதல் ஆயுதம் போயிற்று. அவர் துணைக்கு வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 36 என்ற ஐந்து தோட்டா ரிவால்வரை எடுத்துச் சண்டையில் இறங்கினார். ஐந்தும் தீர்ந்து, மறுபடி தோட்டா போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கையிலேயே குண்டு பட்டது. இன்னொருவர் எட்மண்டோ மிரெலஸ். ரைஃபிள் குண்டு பட்டு அவருடைய இடது முன்னங்கை நொறுங்கிவிட்டது. வழக்கமாக இரண்டு கையும் தேவைப்படும் பம்ப் ஷாட்கன்னை மிச்சமிருந்த ஒரே கையால் இயக்கி, அது தீர்ந்ததும் ரிவால்வரை எடுத்துச் சண்டையை முடித்தவர் அவர்தான். அன்றைக்கு இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள்.

துணைத் துப்பாக்கி தேவை என்ற உங்கள் எண்ணம் வீண் பயம் இல்லை என்பதற்கு ஹான்லன் சாட்சி. ஆனால் அதே ஹான்லன் இன்னொன்றுக்கும் சாட்சி. ஐந்து தோட்டா இருந்தும் போதவில்லை, மறுபடி நிரப்பிய அந்தச் சில நொடிகளில்தான் அவர் அடிபட்டார். நீங்கள் வாங்க நினைக்கும் பிஸ்டலில் முதல் குண்டு போன உடனேயே அந்த நொடிகள் வந்துவிடும். கைப்பிடிக்குள் நான்கு உதிரித் தோட்டா இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவை ரேஞ்சில் உதவும். சுட்ட தோட்டாக்கூட்டை எடுத்துவிட்டு, பென்சிலைவிட ஒல்லியான புதுத் தோட்டாவை உள்ளே நுழைத்து, மூடி, பின்னால் இருக்கும் குமிழை மறுபடி இழுத்துத் தயாராக்கும் வரை எதிராளி காத்திருக்க மாட்டான்.

இப்போது ஒரு கை விஷயம். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் இதே மாதிரி மடக்கு பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்தார். உங்களைப் போலவே அவருக்கும் அதன் மேல் ஆசை. நிஜத் தோட்டாக்களையெல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, வெடிக்காத டம்மி தோட்டா ஒன்றைப் போட்டு, சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். முதல் தடவை இரண்டு கையாலும். பையிலிருந்து எடுத்தார், கைப்பிடியை விரித்தார், பின்னால் இருக்கும் சின்னக் குமிழை இழுத்தார், ட்ரிக்கரை அழுத்தினார். நன்றாகத்தான் செய்தார். அடுத்து, வலது கையைப் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு இடது கையால் மட்டும் செய்யுங்கள் என்றேன். சட்டைப்பை இடது பக்கம் இருந்ததால் எடுப்பதற்கே மணிக்கட்டை உள்பக்கமாக முறுக்க வேண்டியிருந்தது. எடுத்துவிட்டார். விரிக்க முடியவில்லை. தொடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், தாடையில் அழுத்திப் பார்த்தார். ஒருவழியாக விரிந்தது. குமிழை இழுக்க வேண்டுமே, அதற்கு இன்னொரு கை எங்கே? பெல்ட் விளிம்பில் மாட்டி இழுக்கப் பார்த்தபோது பிஸ்டல் வியர்வையில் வழுக்கித் தரையில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை, அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் பக்கத்தில் நின்று கவனித்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு கையால் நன்றாகச் செய்தார் என்றேன் அல்லவா, அந்த முதல் தடவையிலேயே விரிக்கும்போது அவருடைய இடது சுண்டுவிரல் குழல் வாய்க்கு நேராக ஒரு கணம் போய்வந்தது. இரண்டரை அங்குலக் குழல்தானே, விரல்கள் தங்குவதற்கு இடமே இல்லை. நிதானமாகச் செய்யும்போதே விரல் முன்னால் போகிறதென்றால், கை நடுங்கும் நேரத்தில் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவைப் பற்றியும் பேச வேண்டும். .22 லாங் ரைஃபிள் என்பது ரிம்ஃபயர் வகை. தீப்பற்றவைக்கும் மருந்து, தோட்டாக்கூட்டின் அடிவிளிம்புக்குள் வளையமாகப் பரவியிருக்கும். தயாரிக்கும்போது ஈரமான மருந்தை உள்ளே விட்டு, கூட்டைச் சுழற்றி விளிம்பு முழுக்கப் பரவச் செய்கிறார்கள். எங்காவது ஒரு இடத்தில் மருந்து சரியாகப் போய்ச் சேராமல், அடிக்கும் ஊசி அந்த இடத்தில் விழுந்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி, வெடிக்காது. அடியின் நடுவில் தீப்பற்றவைக்கும் தனிப் பிரைமர் உள்ள (சென்டர்ஃபயர்) உங்கள் 9 எம்.எம். தோட்டாவைவிட ரிம்ஃபயரில் இது அதிகம் நடக்கும். நிறைய .22 சுட்டவர்கள் எல்லாரும் இந்த 'டிக்'கைக் கேட்டிருப்பார்கள். ரிவால்வராக இருந்தால் கவலையில்லை, அடுத்த இழுப்பில் உருளை சுழன்று அடுத்த தோட்டா அறை வந்து நிற்கும். ஒற்றைத் தோட்டாவில் அடுத்த அறை என்று ஒன்று இல்லை. இருக்கிற ஒரே வாய்ப்பை, தவறக்கூடிய தோட்டா வகையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதோடு, தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பொதுவாக நீளமான ரைஃபிள் குழலில் அளந்தது. இரண்டரை அங்குலக் குழலில் அதை எதிர்பார்க்கக் கூடாது. வேகம் குறைந்தால் நுனியில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு உடம்பில் பட்டதும் விரியும் என்று நம்ப முடியாது. மயாமி சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த சோதனையில், குண்டு, சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குறைந்தது 12 அங்குலமாவது போக வேண்டும் என்பது அளவுகோல். யாராவது வற்புறுத்தி இந்தப் பிஸ்டலுக்குத் தோட்டா கேட்டால், விரியும் குண்டுகளை விட்டுவிட்டு 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள திடக் குண்டைத்தான் சொல்வேன், ஆழமாவது கிடைக்கட்டும் என்று. .22 பட்டால் ஆள் சாகமாட்டான் என்று நான் சொல்லவில்லை, நிச்சயம் சாவான். ஆனால் தற்காப்பில் நமக்கு வேண்டியது தாக்குதல் அந்த நொடியே நிற்பது. அதற்கு இந்தச் சின்னக் குண்டு போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர வேண்டும். உங்கள் கையில் இருப்பதோ மிகச் சின்ன கைப்பிடியும், குறி பார்க்க மேலே ஒரு பள்ளமும்.

சரி, வலுவான தோட்டா போடும் ஒற்றைத் தோட்டா பிஸ்டல்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஹைசர் நிறுவனம் பி.எஸ்.1 என்று ஒன்று கொண்டுவந்தது. .45 கோல்ட் தோட்டாவும் .410 ஷாட்கன் தோட்டாவும் போடலாம், தடிமன் 0.7 அங்குலம்தான். ஆனால் எடை 21 அவுன்ஸ். தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றிய உங்கள் கிளாக் 19 ஏறக்குறைய அதே எடைதான் வரும், அதன் மேகசினில் 15 தோட்டா. அவ்வளவு மெல்லிய கைப்பிடியில் .45 கோல்ட் உதைக்கும் உதையை உள்ளங்கை மறக்காது. .410 தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ரவைச் சில்லுகள் ஷாட்கன்னில் போவது மாதிரி கூட்டமாகப் போகும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி கைத்துப்பாக்கியாகக் கருதப்பட வேண்டுமானால் குழலின் உட்புறம், குண்டைச் சுழலவைக்கும் முறுக்குவரி இருக்க வேண்டும். அந்த முறுக்கு சில்லுகளையும் சுழற்றிவிடுவதால், கொஞ்ச தூரத்திலேயே அவை சிதறி நடுவில் ஓட்டை விழுந்துவிடும்.

ஒற்றைத் தோட்டா பிஸ்டல் புதிய யோசனையும் இல்லை. பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் 19ஆம் நூற்றாண்டில் செய்த சட்டைப்பை பிஸ்டல்களைப் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத்தான் விற்றார்கள். ஒன்று சதி செய்தால் இன்னொன்று. 1865இல் அமெரிக்க அதிபர் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் வைத்திருந்ததும் ஒரு டெரிஞ்சர்தான். அந்த ஒரே குண்டு போனதும் பிஸ்டலைக் கீழே போட்டுவிட்டு, தன்னைப் பிடிக்க வந்த மேஜரைக் கத்தியால் வெட்டினான். அடுத்து 1942இல் இரண்டாம் உலகப் போர்க் காலத்து லிபரேட்டர். ஜெனரல் மோட்டார்ஸின் விளக்குத் தயாரிப்புப் பிரிவில் சில மாதங்களுக்குள் பத்து லட்சம் செய்தார்கள். .45 தோட்டா, முறுக்குவரி இல்லாத குழல். பெட்டியில் 10 தோட்டா, எழுத்தே இல்லாமல் படத்தாலேயே விளக்கும் தாள், சுட்ட கூட்டை இடித்துத் தள்ள ஒரு மரக்குச்சி. எதிரியின் பிடியில் இருந்த நாடுகளில் போராளிகள் ஒரு சிப்பாயை நெருங்கி, ஒரே குண்டில் வீழ்த்தி, அவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் திட்டம்.

இந்த இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். நேரத்தையும் தூரத்தையும் தேர்ந்தெடுப்பவன் சுடுகிறவன். மறைந்திருந்து, தயாராகி, பக்கத்தில் போய், ஒரு தடவை. தற்காப்பில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. நேரத்தையும் தூரத்தையும் உங்களைத் தாக்க வருகிறவன் முடிவு செய்கிறான், எத்தனை பேர் என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

சின்னதாகத்தான் வேண்டும் என்றால் சின்னதிலேயே நல்லது இருக்கிறது. நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸின் .22 மினி ரிவால்வர் சுமார் 4.5 அவுன்ஸ், ஐந்து தோட்டா. லைஃப்கார்டைவிட லேசு. அதிலும் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் பின்னால் இருக்கும் சுத்தியை இழுக்க வேண்டும், எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் ஒரு கையால் முடியும், 'டிக்' என்றாலும் அடுத்தது இருக்கிறது. கெல்டெக் பி-32 தோட்டா இல்லாமல் 6.6 அவுன்ஸ், மேகசினில் ஏழும் அறையில் ஒன்றும். தடிமன் முக்கால் அங்குலம். நீங்கள் பார்த்ததைவிட கால் அங்குலம் கூட, அவ்வளவுதான். .32 தோட்டா பெரிய வலுவுள்ளது இல்லை, ஆனால் சென்டர்ஃபயர், எட்டு வாய்ப்பு. மடக்குவதும் விரிப்பதும் கிடையாது.

என் சொந்த விருப்பம் எதுவென்றால், சுத்தி உள்ளே மறைந்திருக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 மாதிரியான ஐந்து தோட்டா .38 ரிவால்வர். சுமார் 15 அவுன்ஸ். சட்டைப்பையில் வைக்க முடியாது, பேன்ட்டின் இடது முன்பையில் பாக்கெட் ஹோல்ஸ்டரோடு (பைக்குள் வைக்கும் துப்பாக்கி உறை) வைக்கலாம். இடது கை உள்ளே போனால் நேராகக் கைப்பிடியில் உட்காரும், இழுத்தால் எதிலும் மாட்டாது, ட்ரிக்கரை அழுத்தினால் சுடும். கட்டிப் புரளும்போது எதிராளியின் உடம்பில் வைத்து அழுத்தினாலும், பிஸ்டலில் வருவதுபோல ஸ்லைடு (பிஸ்டலின் மேலே நகரும் பகுதி) பின்னுக்குப் போய் நின்றுவிடுகிற சிக்கல் அதற்குக் கிடையாது. எதை எந்தப் பையில் வைத்தாலும் ஹோல்ஸ்டர் கட்டாயம். அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடாது. பைக்குள் சேரும் நூல் பிசிறையும் தூசியையும் வாரத்துக்கு ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. கிளாக் ஒருமுறை சிக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் சிக்கியது என்று எழுதவில்லை. மேகசினா, பழைய தோட்டாவா, மணிக்கட்டைத் தளர விட்டீர்களா? இத்தகைய பிஸ்டல்களில் நான் பார்க்கும் சிக்கலில் பெரும்பகுதி மேகசினில் ஆரம்பிக்கும். மேகசின் அடியைத் தட்டி, ஸ்லைடை இழுத்து விட்டால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். சரியாகவில்லையென்றால் மேகசினையே மாற்ற வேண்டும். அதற்கு உதிரி மேகசின் இடுப்பில் இருக்க வேண்டுமே, வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது துப்பாக்கிக்கு முன்னால் இரண்டாவது மேகசின் வாங்குங்கள். சட்டைப்பையில் ஒரு டூர்னிக்கெட் பட்டை வையுங்கள், அதை இறுக்கிக் கட்டி ரத்தப்போக்கை நிறுத்தப் பழகுங்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கும் அது உதவும். உங்கள் வாழ்நாளில் துப்பாக்கியைவிட அது வெளியே வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிச் சின்னத் துப்பாக்கியை பர்ஸ் மாதிரியான உறையில் வைத்து, உறையோடு சேர்த்தே சுட முடிகிற மாதிரி ட்ரிக்கர் பக்கம் துளை விட்டு விற்பார்கள். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி அந்த ஜோடி 'எனி அதர் வெப்பன்' என்ற தனிப் பிரிவில் விழும். அரசிடம் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அந்த உறைகளைத் தொடவே தொடாதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பது உரிமம் வாங்கியபோதே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எல்லை தாண்டும் முன் ஒவ்வொரு தடவையும் சரிபாருங்கள். இன்னொன்று, போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி அடையாள அட்டை கேட்கும்போது உங்கள் கை போகிற அதே சட்டைப்பையில், அட்டை மாதிரியே இருக்கும் துப்பாக்கியை வைப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது பையன். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கிளாக்கைப் பார்த்தால் துப்பாக்கி என்று தெரியும். தொடக்கூடாது, உடனே அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கலாம், பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள், அதன் பிறகும் பூட்டித்தான் வைப்போம். மடித்து வைத்த இந்தப் பெட்டி அவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? விளையாட்டுச் சாமான் மாதிரி, அம்மாவின் கார்டு டப்பா மாதிரி. விரித்துப் பார்க்கத் தோன்றும். மடித்த நிலையில் சுட முடியாது என்பது உண்மை, ஆனால் அந்த வயதில் எதையும் திறந்து பார்ப்பதுதான் அவர்கள் வேலை. சட்டையைக் கழற்றி நாற்காலியில் போடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. பையில் பேனா இருப்பதே மறந்து, சட்டை துவைக்கப் போய்விடும். இருப்பதே தெரியாது என்று நீங்கள் பெருமையாக எழுதியது இந்த இடத்தில் பெரிய ஆபத்து. உங்கள் மனைவியிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள், அவர் மனசில் இருந்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஆசை தீரவில்லை, ஒரு அருமையான கைவேலையாக வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்றால் வாங்கிப் பெட்டகத்தில் பூட்டி வையுங்கள். ரேஞ்சுக்கு எடுத்துப்போய்ச் சுட்டு மகிழுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சட்டைப்பைக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது, இருக்கிற கிளாக்கை இடது கையால் மட்டும் பிடித்து, ஐந்து கஜ தூரத்தில் ஒரு தட்டு அளவு வட்டத்துக்குள் பத்துத் தோட்டா சுட்டுப் பாருங்கள். வீட்டில் தோட்டாவே இல்லாத அறையில், இடது கையால் மட்டும் ஸ்லைடை இழுத்துப் பழகுங்கள். பின்பக்கக் குறியைப் பெல்ட்டில் மாட்டி இழுக்கலாம். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலேயே கண் இருக்கட்டும், விரல் ட்ரிக்கருக்கு வெளியே இருக்கட்டும். முதலில் தடுமாறும். அந்தப் பத்தில் எத்தனை வட்டத்துக்குள் விழுந்தது, கிளாக் எதனால் சிக்கியது, இரண்டையும் எனக்கு எழுதுங்கள். துணைக்கு எது வேண்டும் என்பதை அதை வைத்துப் பேசலாம்.